ஆயிரத்து நான்கு

வரைபட அலுவலகத்தில் அவளுக்கு சர்வரம்மா என்று பெயர். வேலை என்னவோ கட்டடப் படம் போடுவதுதான். ஒருநாள் நின்றுபோன பிரிண்டரை அணைத்துப் போட்டு ஓட வைத்தாள். அன்றிலிருந்து மின்சாரத்தில் ஓடுவதெல்லாம் அவள் தலையில். அலுவலகப் படங்களையெல்லாம் பழைய சர்வரிலிருந்து புதியதற்குக் குடிபெயர்க்கும் பொறுப்பும் அவளுக்கே வந்தது. கெட்டிக்காரியாகக் காட்டிக்கொண்டால் வேறென்ன கிடைக்கும்?

குடிபெயர்ந்தாயிற்று. பழையதைத் துடைத்து அனுப்பியும் ஆயிற்று. மிச்சம், இரண்டு வெளி டிரைவ்களில் நகல் எடுப்பது: ஒன்று முதலாளி வீட்டுக்கு, மற்றது வக்கீலுக்கு.

வக்கீல் ஏன் என்பது தெருவே மென்று துப்பிய கதை. இவர்கள் வரைந்த மாடிப்படி ஒன்று, முட்டுப்பலகையைப் பிரித்த அன்றே சரிந்து கொத்தனார் ஒருவரின் கால் போனது. படத்தில் கம்பி இடைவெளி இருமடங்கு. படம் இருந்ததோ அலுவலகத்தின் மூத்த வரைவாளர் பெரியண்ணனின் கணினிக் கணக்கில். ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் மடிக்கணினியை விடாத மனிதர். படி விழுமுன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். “காய்ச்சல் வேகத்துல தப்பாப் போட்டுட்டாரு, பாவம்” என்று தீர்ப்பும் எழுதியாகிவிட்டது. செத்தவர் அப்பீலுக்கா வரப்போகிறார்?

சர்வரம்மாவுக்கு மட்டும் வேறொன்று தெரியும். சேர்ந்த புதிதில் அவளுக்குத் தனிக் கணக்கு இல்லாததால், அண்ணன் தன் கடவுச்சொல்லைக் கொடுத்திருந்தார். அண்ணன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அதில் நுழைந்து இடைவெளியைத் தவறாக மாற்றியவை அவள் விரல்கள்.

முதலாளி எட்டிப் பார்த்தார். “டிரைவ் ரெடியா? என் லேப்டாப்ல செருகினா திறக்கணும். போன தடவ மாதிரி ஃபார்மட் பண்ணவா, ஃபார்மட் பண்ணவான்னு உயிர வாங்கக் கூடாது.”

“அப்ப டிரைவ எக்ஸ்ஃபேட்னு ஒரு ஃபார்மட்ல போடணும் சார். எதுலயும் திறக்கும். ஆனா எந்த ஃபைல் யாருதுன்னு அதுல நிக்காது. இஎக்ஸ்டி4-ல நிக்கும், உங்க லேப்டாப் திறக்காது.”

“யாருதுன்னு ஊருக்கே தெரியுமே.” சொல்லிவிட்டு முன்மேசையைப் பார்த்தவர் குரலைத் தாழ்த்தினார். அங்கே இப்போது உட்கார்ந்திருப்பது பெரியண்ணனின் மனைவி, எல்லாருக்கும் அண்ணி. “வக்கீல்தான் எது யாருதுங்கற விவரம் வேணும்னாரு. பாத்துப் பண்ணு.”

வக்கீலுக்கு இஎக்ஸ்டி4 என்று முடிவு செய்து, சர்வரில் மாடிப்படி ஃபைலைத் தேடினாள். உரிமையாளர் இடத்தில் அவள் பெயர்.

அண்ணனின் மற்றப் படங்களைத் திறந்தாள். அவள் பள்ளிக்கூடம் போன காலத்துப் படங்கள்கூட அவள் பெயரில். ஆஸ்பத்திரி நாட்கள் ஒவ்வொன்றாகத் தேதியோடு நின்றன. பக்கத்தில் அவள் பெயர், அவள் பெயர்.

சமாதானம் சொல்ல வழியிருந்தது. ஃபைலில் சொந்தக்காரர் பெயர் இருக்காது, அவர் கணக்கின் எண் மட்டுமே. அண்ணன் எண் ஆயிரத்து நான்கு. புது சர்வரில் நாற்காலி வரிசைப்படி கணக்குத் திறந்தவள், இறந்தவரை விட்டுவிட்டாள். ஐந்தாவதாக இருந்தவள் நான்காவதாகி அண்ணன் எண்ணைப் பெற்றாள். வெறும் கணக்குப் பிசகு. ஆனால் பிசகு இத்தனை பேரை விட்டு அந்த ஒரு ஃபைலுக்கு உண்மையான ஆளை எப்படிக் கண்டுபிடித்தது?

அண்ணன் பெயரில் ஒரு கணக்குத் திறந்து அந்த எண்ணைக் கொடுத்தால் எல்லாம் மாறிவிடும். முதல் எழுத்தோடு கை நின்றுவிட்டது. அவர் பெயருக்குள் இரண்டாம் முறையும் நுழைவதா?

எக்ஸ்ஃபேட் இருக்கவே இருக்கிறது. யார் பெயரும் வேண்டாம். இரண்டு டிரைவுக்கும் அதையே போட்டாள். நகல் முடிந்ததும் சரிபார்க்கச் செருகினாள்.

பட்டியல் ஓடியது. தன்னிடம் பெயர் இல்லாத டிரைவ், செருகியவரையே எல்லாவற்றுக்கும் சொந்தக்காரராகக் காட்டும் என்பது அவளுடைய அரைகுறைப் படிப்பில் வரவில்லை. பல்லாயிரம் ஃபைல்கள், அத்தனையும் அவள் பெயரில், நிற்காமல்.

“வக்கீல் ஆள் வந்திருக்காரு, டிரைவ் குடு” என்று பின்னால் வந்து நின்றாள் அண்ணி. திரையைப் படித்தாள். “என்னடி இது, ஆபீஸையே எழுதி வாங்கிட்டியா? அவரோடது எங்க?”

“எல்லாம் என்னுது இல்ல அண்ணி.” ஓடும் பட்டியலை நிறுத்தினாள். “மாடிப்படி மட்டுந்தான். கம்பிய மாத்துனது நான். அண்ணன் சரியாத்தான் போட்டிருந்தாரு.”

அண்ணி, நாலு மாதமாக யாரும் தொடாத அண்ணன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

“வீட்டுக்கு வந்து என் கையைப் புடிச்சிட்டு அழுதியே, அப்பவும் தெரியும் உனக்கு?”

சர்வரம்மா ஆமெனத் தலையசைத்தாள்.

“போ. வக்கீல் ஆளும் இருக்காரு, முதலாளியும் இருக்காரு. எனக்குச் சொன்ன மாதிரியே சொல்லு. நான் இங்கயே உக்காந்து கேக்கறேன்.”