ரெஜினாவின் குரல்

எங்கள் பள்ளியில் மூன்று நாள் வராதவர்களின் பெயரைக் கழற்றிவிடுவார்கள். பெயர் இல்லாதவர்கள் ஏதாவது பொருளாகிவிடுவார்கள். ஏழாம் வகுப்பின் கடைசி பெஞ்சில் இருக்கும் குடை, போன மாதம் வரை ஸ்டீபன். மழை வந்தால் அவனைத்தான் எடுத்துப் போகிறோம்.

காலையில் பெயர் கூப்பிடுவது சுவரில் இருக்கும் பெட்டி. அதற்குக் கண் கிடையாது. குரலை மட்டும் கேட்கும்.

என் தோழி ரெஜினா இரண்டு நாளாக வரவில்லை. அன்றும் அவள் இடம் காலி. என் பெயருக்குப் பதில் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

"ரெஜினா" என்றது பெட்டி.

அவளைப் போல எனக்குப் பேச வரும். அவள் பேசினால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். என் குரலுக்கு யாரும் திரும்பியதில்லை. வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு அவள் குரலைப் பழகியிருந்தேன்.

"உள்ளேன் டீச்சர்!"

பெட்டி சற்று யோசித்தது. "ஒரு தொண்டைக்கு ஒரு பெயர். கடைசியாகச் சொன்னது செல்லும். இசைவாணி என்ற பெயர் காலி."

அலுவலகத்துக்கு ஓடினேன். ஓட ஓடத் தாழ்வாரம் நீண்டது. நடுவில் ஒரு முறை தண்ணீர் குடித்தேன்.

கிளார்க் அக்கா எலுமிச்சை சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"இசைவாணி நான்தான்க்கா."

"அதை இசைவாணில்லா வந்து சொல்லணும்? நீ ரெஜினா."

"இப்ப என்னக்கா செய்ய?"

"நாளைக்குப் பேர் கூப்பிடும்போது உன் சொந்தக் குரல்ல சொல்லு. திரும்பிரும். நாளைக்கு விட்டா கிடைக்காது. உன் குரல் எப்படி இருக்கும்?"

யோசித்தேன். சொல்லத் தெரியவில்லை.

மதியம் ரெஜினா வந்தாள். பஸ் வரவில்லையாம். அவள் கால்விரல்களில் சென்டிமீட்டர் கோடுகள் விழத் தொடங்கியிருந்தன.

"ஏட்டி, என் பேரு எங்க?"

"என்கிட்ட இருக்கு. என்னோடதுதான் காலி."

"அதைக் குடு. ஸ்கேலா அலையச் சொல்லுதியா? காலைல மாத்திக்கலாம்."

ரெஜினா பெட்டியின் முன் நின்று என்னைப் போல "உள்ளேன் டீச்சர்" என்றாள். கோடுகள் மறைந்தன.

"நான் இவ்ளோ மெதுவாவா பேசுதேன்?" என்று கேட்டேன்.

"எறும்பு தும்முன மாதிரி பேசுவட்டி."

சாயங்காலம் என் அம்மா பள்ளி வாசலில் நின்றாள். ரெஜினாவின் பையை வாங்கிக்கொண்டாள். "என்ன இசை, முகம் வாடிருக்கு?" என்று அவளைக் கேட்டாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். "ரெஜினா, பாத்துப் போம்மா."

ரெஜினா வீட்டில் எனக்கு மீன்குழம்பு ஊற்றினார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு என் குரலைத் தேடினேன். வந்ததெல்லாம் இரவல் மாதிரி இருந்தது.

மறுநாள் ரெஜினா என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அம்மா பின்னிய இரட்டைச் சடை.

"நான் வாயே திறக்க மாட்டேன். நீ சொல்லு" என்றாள்.

"இசைவாணி" என்றது பெட்டி.

"உள்ளேன் டீச்சர்!"

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"ரெஜினா, உன் முறை வரவில்லை" என்றது பெட்டி. "இசைவாணி. இரண்டாம் முறை."

வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. ரெஜினாவின் கால் கட்டைவிரலில் ஒரு கோடு விழுந்தது. பிறகு இன்னொன்று.

"இசைவாணி. கடைசி முறை."

அவள் தன் காலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அழுகிற மாதிரி இருந்தாள்.

"உள்ளேன் டீச்சர்" என்றாள், மெதுவாக.

அது என் குரல் என்று உடனே தெரிந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.