ரிம்மின் உட்பக்கம்

சிறில் அந்த வீல்களின் உட்பக்கத்தையும் தேய்க்கத் தொடங்கியது நன்றியால்தான்.

தன்னாமுனையில், வாவிக்கரையை ஒட்டி அவனுடைய பட்டறை. அலுமினிய வீல் என்றால் முகத்தைப் பளபளப்பாக்கிக் கொடுத்தால் போதும். உட்பக்கம் யார் கண்ணிலும் படாது. ஆனால் இவை கனகசிங்கத்தின் வீல்கள். 2007 ஏப்ரலில் வாடகைக்கு ஓட்டிய ஹயர் காரோடு காணாமல்போன மச்சான் லூர்து, முகாமொன்றில் அடைபட்டு உயிரோடு இருப்பதாகச் சேதி கொண்டுவந்தவர். நாலு மாதம் கழித்து இன்றைக்குத்தான் லூர்துவின் மனைவியை, சிறிலின் தங்கை றீற்றாவை, அங்கே கூட்டிப்போகிறார். வேலை முடிந்ததும் புறப்பாடு.

அவருடைய கார் சக்கரமில்லாமல் கற்கள்மேல் நின்றது. அவர் வீட்டு முன்விறாந்தையில் இடியப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"சுறுக்கா முடி அண்ணன்!" றீற்றா கத்தினாள். "நீ தேய்க்கிற வேகத்துக்கு அந்த மனிசன் நரைச்சிடுவார்!"

"ஏன் கா பறக்கிற? நாலு மாசம் பொறுத்தவள், நாலு வீலுக்குப் பொறுக்க ஏலாதா?"

உப்புக்காற்றில் பூத்திருந்த வெள்ளைப் படை, ஈர சாண்ட் பேப்பரில் கருஞ்சேறாகக் கரைந்து வழிந்தது. மூன்றாவது வீல். துணியால் துடைத்தான்.

கை நின்றது.

விளிம்பில் ஒரு வெல்டிங் தழும்பு. பக்கத்தில் நகக்கண் அளவில் ஒரு சிலுவை. ஒட்டுப்போட்ட ஒவ்வொரு வீலிலும் சிறில் கீறிவிடும் சிலுவை! கீழே அவன் கையால் எழுதிய தேதி: போன டிசம்பர், நத்தாருக்கு முதல் நாள். அன்றைக்கு அவன் ஒட்டியது ஒரே ஒரு வீல்.

லூர்துவின் வீல்.

கைமாறிக் கைமாறி இவரிடம் வந்திருக்கலாமே? குரலைச் சரிப்படுத்திக்கொண்டான்.

"கனகண்ணன், நல்ல வீல். எங்க எடுத்த நீங்க?"

"கொழும்புல, பழைய சாமான் கடையில. மூணு வருசமாகுது. ஏன்?"

"சும்மா கேட்டன்."

மூன்று வருசம்! ஒட்டுப்போட்டு எட்டு மாதம்தான் ஆகிறது.

"றீற்றா, இஞ்ச வா. வீல் கழுவத் தண்ணி அள்ளு."

முணுமுணுத்துக்கொண்டே பட்டறைக்குள் வந்தவளிடம் ரிம்மைத் திருப்பிக் காட்டினான்.

"உன்ர புருசன்ர வீல்," என்றான் ரகசியமாக. "தேதியைப் பார்."

பார்த்தாள். "அவர் குடுத்திருப்பார் அண்ணன். கனகண்ணன் அவரைக் கண்டவர்தானே..."

"மூணு வருசத்துக்கு முதல் வாங்கினது எண்டு இப்பச் சொன்னான். கேட்டியா?"

வீறிட வாயைத் திறந்தாள். கறுத்த கையால் பொத்தினான். அப்படியே பின்பக்கமாக இழுத்துக்கொண்டுபோய், வாவிக்கரையில் கட்டியிருந்த தோணியில் இருத்தினான்.

"அண்ணன்..." மூச்சே குரலாக வந்தது. "அப்ப அவன் இண்டைக்கு என்னை எங்க கூட்டிப்போக இருந்தவன்?"

சிறில் தோணிக்கம்பைச் சேற்றில் ஊன்றினான்.

"சிறில்!" விறாந்தையிலிருந்து குரல். "முடிஞ்சிட்டா?"

"ஒரு வீல்தான் அண்ணன் கிடக்கு!" என்று திரும்பிக் கத்தியபடியே தோணியைத் தள்ளினான்.