தலை அசையாமல் கேட்பது

குணசீலன் தலையாட்டியதால் அந்த இசைத்தட்டில் சாக்ஸபோன்காரரின் தனி வாசிப்பு ஞாயிற்றுக்கிழமையிலிருந்து முடியவில்லை. இன்றைக்கு வியாழன்.

தப்பு என்று யாரையும் சொல்ல முடியாது. ஐந்து பேர் கொண்ட ஜாஸ் குழு அது. தலைவர், பியானோ வாசிக்கிற டோபின். ஒருவர் தன் பங்கை வாசித்துக்கொண்டே போவார்; போதும் என்று பட்டால் டோபின் ஒரு தலையசைப்பு அசைப்பார், அடுத்தவர் எடுத்துக்கொள்வார். அயனாவரத்தில் குணசீலனோ ஒலிபெருக்கிக்கு எதிரே நாற்காலியைப் போட்டுக்கொண்டு, சபாவில் முன்வரிசைக்காரர் மாதிரி, நல்ல இடம் வரும்போதெல்லாம் தலையை ஆட்டினார். சாக்ஸபோன்காரர் அதைப் பார்த்துவிட்டார். இப்படி ரசிக்கிற மனிதரை விட்டுவிட்டு யாருக்குத்தான் நிறுத்த மனசு வரும்? டோபின் அசைத்தது அவர் கண்ணில் படவே இல்லை.

தட்டு தன்பாட்டுக்குச் சுற்றியது. ஊசி அதே இடத்தில் பொறுமையாக நின்றது. அட்டைப் படத்தில் டிரம்பட்காரர் கோட்டைக் கழற்றித் தலைக்கு வைத்துப் படுத்துவிட்டார். டிரம்ஸ்காரருக்குத் தாடி வளர்ந்திருந்தது. டோபின் மட்டும் முதுகு வளையாமல் சாக்ஸபோனுக்குப் பக்கபலமாக வாசித்துக்கொண்டிருந்தார். அடுத்த முறை அவருடையது.

அதைக் கேட்கத்தான் குணசீலன் அந்தத் தட்டையே வாங்கினார். பியானோ வரும் இடத்தைப் பற்றிச் சொல்லும்போது பழைய தட்டு விற்கிறவர் அழுதுவிட்டார். அன்றிலிருந்து குணசீலனுக்கு வேறு ஆசையே கிடையாது.

"நீங்க ஆட்டுறதை நிறுத்துங்க, அவர் நிறுத்திடுவார்" என்றாள் மனைவி தமயந்தி, வெண்டைக்காய் நறுக்கியபடி.

"நல்லா வாசிக்கிறாரே, நான் என்ன பண்ண?"

"பாவம், அந்தப் பியானோக்காரர் எத்தனை நாள் காத்திருப்பாரு."

கையைத் துடைத்துக்கொண்டு வந்து, அவர் தலையை இரண்டு கையாலும் பின்னாலிருந்து இறுக்கிப் பிடித்தாள். சாக்ஸபோன்காரர் இன்னும் கொஞ்சம் உருகிப் பார்த்தார். தலை அசையவில்லை. முகம் வாடித் திரும்பியபோது டோபின் அசைத்தது தெரிந்தது. கருவியை இறக்கினார்.

டோபின் தொடங்கினார். தட்டு விற்கிறவர் அழுதது குறைச்சல்தான். குணசீலனுக்குக் கழுத்து நரம்பெல்லாம் துடித்தது. தமயந்தி பிடியை விடவில்லை. டோபின் நிமிர்ந்து பார்த்தார். ஒரு வரி வாசித்துவிட்டு மறுபடி பார்த்தார். பிறகு பியானோ மூடியைச் சாத்திவிட்டு, ஒலிபெருக்கி வழியாகக் கூடத்துக்கு வந்து நின்றார்.

"பிடிக்கலையா?"

"என் ஆயுசுல இப்படிக் கேட்டதில்லைங்க" என்றார் குணசீலன். விருந்தாளி வந்திருக்கிறாரே என்று தமயந்தி கையை எடுத்திருந்தாள். தலை தானாக ஆடியது. அங்கே சாக்ஸபோன்காரர் அதைப் பார்த்துவிட்டு மறுபடி ஆரம்பித்தார்.

டோபின் திரும்பிப் போகவில்லை. இத்தனை காலமும் பக்கத்திலிருந்து வாசித்தாரே தவிர, அந்த சாக்ஸபோனை எதிரே உட்கார்ந்து அவர் கேட்டதே இல்லை. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் அவர் தலையும் ஆடத் தொடங்கியது.

தமயந்தி இரண்டு தலைகளையும் பார்த்தாள். ஒரு தலைக்கே இரண்டு கை வேண்டியிருந்தது. வெண்டைக்காய்த் தட்டை எடுத்துக்கொண்டு ஒலிபெருக்கிக்குள் போனாள்.

அட்டைப் படத்தில் பியானோ மேல் வெண்டைக்காய்த் தட்டு இருந்தது. டோபினின் இருக்கையில் தமயந்தி சேலையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்து, சாக்ஸபோன்காரரைப் பார்த்து ஒரே ஒரு தலையசைப்பு அசைத்தாள். சாக்ஸபோன் நின்றது.

அடுத்த முறை அவளுடையது. குணசீலனும் டோபினும் ஒருவர் தலையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள்.