கடைசி வரைக்கும் இழுத்த வலி

அக்கரப்பத்தனைப் பக்கம் இருக்கிற எங்கள் தோட்டத்தில் வலியைக் கண்டுபிடித்தவன் கிளாக்கர் கிஷாந்த். அதற்கு முன்னால் இங்கே யாருக்கும் வலித்ததே இல்லை. தோட்டத்து டிஸ்பென்சரியில் காலமெல்லாம் மருந்து கொடுத்துவிட்டு ஓய்வுபெற்றவன் சொல்கிறேன், நம்பலாம். எலும்பு முறிந்து தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்க்கும். "எப்படியிருக்கு?" என்று கேட்டால், "கொஞ்சந்தாங்கய்யா" என்பார்கள். பிள்ளையின் தலை வெளியே வந்த பிறகும் "கொஞ்சந்தாங்கய்யா"தான். ஓர் ஐயாவின் முகத்துக்கு நேரே ரொம்ப வலிக்கிறது என்று சொல்வது தோட்டத்தில் மரியாதைக் குறைவு.

கோட் எழுதத் தெரியாதவர்களும் ஆப் கட்டலாம் என்று இப்போது ஒரு தளம் இருக்கிறதாம். பெட்டி வேண்டுமா, பெட்டியை இழுத்துப் போடு. பித்தான் வேண்டுமா, பித்தானை இழுத்துப் போடு. கிஷாந்த் ஒரு ஸ்லைடரை இழுத்துப் போட்டான். நீளமான கோடு. இடது கோடியில் பச்சை, வலது கோடியில் இரத்தச் சிவப்பு, விரலால் தள்ள ஒரு குமிழ். மினிமம் பூச்சியம், மெக்ஸிமம் பத்து. மலையில் யாருக்காவது முடியாமல் போனால், கங்காணியிடம் இருக்கும் டெப்பின் திரையில் வலியின் அளவுக்குக் குமிழைத் தள்ள வேண்டும். குமிழ் ஏழாம் எண்ணைத் தொட்டால் டிரைவர் செல்லசாமியின் போன் அலறும், லொறி வந்து ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போகும். ஏழுக்குக் கீழே என்றால் திரையில் ஒரு வரி வரும்: 'இரண்டு பனடோல் எடுத்து வேலைக்குத் திரும்பவும்.'

நம் பெண்கள் டெப்பையும் ஓர் ஐயாவாகவே மதித்தார்கள். இரண்டுக்குத் தள்ளிவிட்டு வெட்கப்பட்டுக்கொண்டு நின்றார்கள். லொறி அசையவில்லை. நுவரெலியாத் தலைமை ஒபிஸிலிருந்து பிரேமினி மேடம் கிஷாந்தைக் கூப்பிட்டு, லொறிக்கு டீசல் இப்படியே குறைந்துகொண்டிருந்தால் அங்கே ஒரு கதிரை அவனுக்குத்தான் என்றார். கண்ணாடி அறை, காலடியில் ஹீட்டர். அன்றிலிருந்து அவன் உடம்பு மட்டும்தான் எங்கள் தோட்டத்தில் இருந்தது.

கெடுத்தவள் வீரம்மா. கொழுந்து பறிப்பவள். அவள் வாய் திறந்தால் ஃபெக்டரிச் சங்கு வெட்கப்பட்டு நின்றுவிடும்.

"ஏண்டி, அய்யா மூஞ்சியப் பாத்துச் சொல்லத்தான் கூச்சம். இந்தக் கண்ணாடிக்கு என்னத்துக்கு மரியாத? இழுங்கடி கடைசி வரைக்கும்!"

இழுத்தார்கள். உண்மையான வலிகள் எல்லாம் வரிசையாக வெளியே வந்தன. பேச்சியம்மாவின் இடுப்புக்குப் பத்து, இன்னொருத்தியின் காய்ச்சலுக்குப் பத்து. லொறி ஓடிய ஓட்டத்தில் றோட்டோரத்துக் கோழிகள் அவித்த முட்டையாகவே போட்டன. மேடம் மறுபடி கூப்பிட்டார். "கிஷாந்த், அந்தக் கதிரைக்கு இன்னொரு ஆளும் இருக்கார், தெரியும்தானே?"

அடுத்த வாரம் நஸாரின் தேத்தண்ணிக் கடையில் கிஷாந்த் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். முகத்தில் கல்யாணக் களை.

"சின்ன வேலைதான் அங்கிள். மெக்ஸிமத்த ஆறாக்கிட்டேன்."

"கோடு கட்டையாயிருமே. கண்டுபிடிச்சிருவாங்களே?"

"அங்கதான் விசயமே இருக்கு. கோடு அதே நீளந்தான். குமிழ் அந்தக் கோடி வரைக்கும் போகும், செவப்பும் வரும். ஆனா அங்க இருக்கிறது ஆறு. எண்ணக் காட்டுறதுக்கு ஒரு டிக் இருக்கு, அதையும் எடுத்துட்டேன். செல்லசாமிகிட்டயும் சொல்லியாச்சு, போன்ல யாரு கூப்பிட்டாலும் லொறிய எடுத்தா வேல போயிரும்னு."

நஸார் கோப்பை கழுவுவதை நிறுத்தினார். "அப்ப யாருக்கும் லொறி வராதா தம்பி?"

"லொறியும் கொஞ்சம் ரெஸ்ட் எடுக்கட்டுமே நானா."

நான் சிரித்த சிரிப்பில் தேத்தண்ணி மூக்கு வழியாக வந்தது. என்ன மூளை! வலியைக் குறைக்காமல் வலியின் வாலை மட்டும் நறுக்கிவிட்டான். நான் கொடுத்த மருந்தெல்லாம் என்ன மருந்து!

அந்த வாலில் முதலில் மாட்டியவள் வீரம்மாதான். மழைக்குள் கொழுந்துக் கூடையோடு தண்ணீர்க் கானுக்குள் வழுக்கி விழுந்தாள். கணுக்கால் பின்பக்கம் பார்த்தது. குமிழைக் கோடி வரைக்கும் இழுத்தாள். கங்காணி அழகன் இரண்டு பனடோலை நீட்டினார். பலாக்காய் அளவு வீங்கிய காலோடு அவள் ஒபிஸுக்கு வந்து கிஷாந்தின் முன்னால் நின்றாள்.

"அய்யா, கடைசி வரைக்கும் இழுத்தேனுங்களே."

"கடைசி வரைக்கும் இழுத்தும் லொறி வரலன்னா, ஒனக்கு இன்னும் சரியா வலிக்கலன்னு அர்த்தம் வீரம்மா. கொம்பியூட்டர் பொய் சொல்லாது."

"அப்படிங்களா. அப்ப சரிங்க."

கால் கோணலாகவே கூடிவிட்டது. இப்போது அவள் நடந்தால் ஒவ்வோர் அடியும் பூமியிடம் அனுமதி கேட்டு வைப்பது போல இருக்கும். அந்த இரண்டு பனடோலையும் அவள் விழுங்கவில்லை, முந்தானையில் முடிந்து வைத்தாள். ஆறு விவகாரத்தை நஸார் அவள் காதில் போட்டபோதும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஃபெக்டரிச் சங்கு ஊதாமல் இருந்தால் நாம் பயப்பட வேண்டாமா? கிஷாந்த் பயப்படவில்லை.

கதிரை கிடைக்கும் நாள் வந்தது. ஆப் மலையில் வேலை செய்வதை மேடத்துக்கு வீடியோவில் காட்ட வேண்டும், அவ்வளவுதான் பாக்கி. கிஷாந்த் புதுச் சட்டையில், ஹட்டனில் வாங்கிய சென்ட்டில் குளித்துவிட்டு மலையேறினான்.

அழகன் மூக்கைச் சுருக்கினார். "அய்யா, மேல மரத்துல குளவிக்கூடு இருக்குங்க. சென்ட்டு வாசத்துக்குக் கெளம்பிருமுங்க."

"போன நேராப் பிடிங்க கங்காணி, மேடம் பாக்குறாங்க."

குளவிகளும் பார்த்தன. குளவி கிளம்பினால் தோட்டத்து ஆள் ஓடமாட்டார். இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு செடிக்கடியில் அமுங்கிவிடுவார். அத்தனை பெண்களும் ஒரே மூச்சில் மறைந்துபோனார்கள். படங்கு இல்லாத ஒரே ஆள் கிஷாந்த். அவன் ஓடினான். முப்பது கொட்டு இருக்கும் என்றாள் வீரம்மா. கருமித்தனமான கணக்கு. மூவாயிரம் என்று நான் எழுதுகிறேன். குளவிகள் போன பிறகு செடிகளுக்கிடையில் கிடந்தவனுக்குக் கண்ணிருந்த இடத்தில் இரண்டு கோடுகள், உதடு இருந்த இடத்தில் இரண்டு பேக்கரிப் பணிஸ்.

அழகனின் படங்குக்கு அடியிலிருந்து மேடத்தின் குரல் கேட்டது. "கிஷாந்த், பயப்பட வேணாம், ஆப் இருக்குதானே! இதைவிட நல்ல டெமோ கிடைக்காது. யாராவது ஸ்லைடரைத் தள்ளுங்க!"

வீரம்மா டெப்பை எடுத்துக்கொண்டு கெந்திக் கெந்தி வந்தாள்.

"எவ்வளவுங்க வலி, அய்யா?"

"பத்து... இழு... பத்து..."

"இழுத்தாச்சுங்க. கடைசி வரைக்கும் வந்திருச்சு. நல்ல செவப்பு." திரையை அழகனிடம் காட்டினாள். "என்னா போட்டிருக்கு கங்காணி?"

"ரெண்டு பனடோல் எடுத்து வேலைக்குத் திரும்பவும்."

பேச்சியம்மா பதறினாள். "செல்லசாமி அண்ணனுக்குப் போன் போடுங்கடி!"

"போன்ல கூப்பிட்டா எடுக்கக்கூடாதுன்னு அய்யாதானே சொல்லி வச்சிருக்காரு. பாவம், அந்த மனுசன் வேலைய நாம கெடுக்கலாமா?"

"ஏன் லொறி வரல்ல?" மேடத்தின் குரல் கூர்மையானது. "சிவப்புல தானே இருக்கு? கிஷாந்த், உங்க ஆப்ல பிழையா?"

மலை முழுவதும் காது கொடுத்து நின்றது. மெக்ஸிமம் ஆறு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், லொறி வந்துவிடும். கதிரை போய்விடும். வீரம்மா குனிந்து அவன் முகத்துக்கு நேரே தன் முகத்தை வைத்துக்கொண்டாள்.

"சொல்லுங்கய்யா. மேடம் கேக்குறாங்க. ரொம்ப வலிக்குதுங்களா?"

பணிஸ்கள் அசைந்தன. "கொஞ்சந்தான்."

"சத்தமாங்க."

"கொஞ்சந்தான் மேடம்! ஆப்... சரியாத்தான் வேல செய்யுது."

வீரம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். "பத்திரமா வச்சிருந்தேனுங்க," என்று இரண்டு பனடோலையும் அவன் உள்ளங்கையில் வைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து கொழுந்து பறிக்கப் போனாள்.

அவன் செடி செடியாகப் பிடித்துக்கொண்டு தானே இறங்கி வந்தான். நானும் நஸாரும் கடை வாசலில் எழுந்து நின்று பார்த்தோம். இப்படி ஓர் ஊர்வலத்தை உட்கார்ந்து பார்க்கலாமா? செல்லசாமி லொறியைக் கழுவிக்கொண்டிருந்தார். "மெசேஜ் ஒண்ணும் வரலீங்களேய்யா," என்றார், துணியைப் பிழிந்தபடி.

பிரேமினி மேடம் நெகிழ்ந்துபோனார். அவ்வளவு கொட்டு வாங்கியும் கொஞ்சந்தான் என்கிற ஆளைக் கண்ணாடி அறைக்குள் வைப்பது வீண், இப்படிப்பட்டவர்தான் மலைக்கு வேண்டும் என்று கதிரையை மற்றவருக்குக் கொடுத்தார். இவ்வளவு நேர்த்தியான ஆப்பில் இனி யாரும் கைவைக்கக் கூடாது என்று செட்டிங்ஸையும் பூட்டிவிட்டார். கிஷாந்தாலும் திறக்க முடியாது.

முகம் ஓரளவு முகமான பிறகு அவன் மலைக்குப் போகத் தொடங்கினான். சென்ட் பூசுவதில்லை. கால்சட்டைக்கு மேலே, இடுப்பைச் சுற்றி ஒரு படங்கு கட்டியிருக்கிறான்.