வேப்பங்கட்டைக்கு வடக்கே

புது அணையின் மதகை மூடி ஒன்பது நாள் ஆகியிருந்தது. பள்ளத்துக் கம்பங்கொல்லைகள் மூழ்கி, தண்ணீர் பிலவேந்திரனின் சோளக்கொல்லை வரப்பைத் தொட்டுவிட்டது. வீட்டைப் பிரித்து ஓடுகளைப் பொம்மிடி சாலை மேட்டுக்கு ஏற்றியாயிற்று. ஒரு வேலைதான் பாக்கி. மனைவி ராஜமேரி புதுச் சட்டியும் களைக்கொத்தும் எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.

எழுபத்து நான்காம் வருடம் அவர்களுக்கு ஒரு பெண் பிறந்து, விடிவதற்குள் போய்விட்டது. ஞானஸ்நானம் பெறாத பிள்ளைக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை. பிலவேந்திரன் தன் கொல்லையிலேயே புதைத்தான். ராஜமேரி அப்போது எழுந்திருக்க முடியாமல் கிடந்தாள். எழுந்து நடமாடியதும் யாரையும் கேட்காமல் நேராகக் கொல்லை வேப்பமரத்தடிக்குப் போய் உட்கார்ந்தாள். அதன்பின் பன்னிரண்டு கல்லறைத் திருநாளும் அங்கேதான் மெழுகுதிரி ஏற்றினாள்.

மரத்தைப் போன மாதமே வெட்டி எடுத்துப் போயிருந்தார்கள். அடிக்கட்டை அருகே மண்டியிட்டுக் கொத்தத் தொடங்கினாள். இந்த மண்ணைப் புது வீட்டு வாசலில் போட்டு ஒரு செடி வைக்க வேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்திருந்தாள். அவன் தண்ணீரைப் பார்த்தபடி நின்றான். இப்போதும் பேசாமல் இருந்தால் பிள்ளை இங்கேயே தங்கிவிடும்.

சட்டி பாதி நிறைந்தது.

"அங்க இல்ல, மேரி."

அவள் கை நின்றது. அவன் வடக்கே பத்தடி நடந்து, வரப்போரத் தட்டைக்கல் ஒன்றின் அருகே உட்கார்ந்தான். அன்றைக்கு மரத்தின் வேர் மண்வெட்டியை இறங்கவிடவில்லை, இங்கேதான் மண் மெத்தென்று இருந்தது என்று மெல்லச் சொன்னான்.

அவள் களைக்கொத்தைக் கீழே வைத்தாள்.

"அப்ப இத்தன வருசமா வேப்பமரத்துக்கா ஜெபம் சொன்னேன்?"

"நீ வூட்டுக்குப் போனதும் திரிய எடுத்தாந்து இங்க வெச்சிருவேன்."

எழுந்து வந்து பார்த்தாள். கல்லின் மேல் மெழுகு, உருகி உறைந்து, ஒன்றின்மேல் ஒன்றாய்ப் பழுப்பேறிக் கிடந்தது. விரலால் தடவினாள்.

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்லீங்க."

"மொத நாளே அங்க போயி உக்காந்துட்ட. அப்புறம் எப்படிச் சொல்றது."

அவன் கல்லைப் புரட்டி, அடியில் கையாலேயே மண் எடுத்தான். சட்டியில் இருந்ததைக் கொட்டப் போனவனை அவள் தடுத்தாள்.

"அது இருக்கட்டுங்க. அதுகிட்டயும் நெறயப் பேசியிருக்கேன்."

அதன் மேலேயே அவன் இந்த மண்ணைப் போட்டான். சட்டியை அவள் இடுப்பில் வைத்துக்கொண்டாள். கல்லை அவன் தோளில் ஏற்றிக்கொண்டான். வரப்பைத் தாண்டிய தண்ணீரில் கால் நனைய, இருவரும் மேட்டுப் பக்கம் நடந்தார்கள்.