கூப்பிட்டானா

"கண்ண மூடிக்குங்க. அன்னைக்கு உங்க கையில என்ன இருந்துச்சு? அதுலருந்து ஆரம்பிங்க, போதும்" என்றார் ஆய்வாளர்.

மிஷின்காரிக்குச் சிரிப்புத்தான் வந்தது. விசாரணை என்று கூப்பிட்டுவிட்டுக் கண்ணை மூடச் சொன்னால் என்ன அர்த்தம்? பெரிய சலவைக்கடையில் துவைக்கிற மிஷினையும் உலர்த்துகிற மிஷினையும் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே ஓட்டுகிறவள் அவள். அதனால் தெரு வைத்த பெயர் அது. பகலில் கண்ணை மூடி அவளுக்குப் பழக்கமே இல்லை. ஆனாலும் ஆய்வாளர் தன் மகள் வயசுப் பெண்ணாக, அதட்டாமல் பேசுகிறவராக இருந்ததால் மூடினாள்.

சொல்ல வந்ததோ ஒரே ஒரு விஷயம். கடைக்கு எதிரே சைக்கிளில் போன பையனை ஒரு வேன் அடித்துப் போட்டது. வேன்காரன் இறங்கி, குனிந்து பார்த்து, மறுபடி ஏறிப் போய்விட்டான். பிடிபட்ட பிறகு, நான் பார்க்கும்போதே உயிர் இல்லை, பயத்தில் ஓடிவிட்டேன் என்று அழுகிறானாம். கடையின் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து அதைப் பார்த்த ஒரே ஆள் மிஷின்காரி. அவன் குனிந்தபோது பையன் "அம்மா" என்று கூப்பிட்டான் என்பது அவள் பேச்சு. அது நிஜமென்றால், உயிரோடு கிடந்தவனை விட்டுவிட்டுப் போனவன் அவன். அப்புறம் அவன் பாடு அதோகதிதான்.

அந்தப் பேச்சை அவள் முதலில் சொன்னது போலீஸிடம் இல்லை. பையனின் காரியமெல்லாம் முடிந்த மறுவாரம் அவன் அம்மா கடைக்கு வந்தாள். துணி கொடுக்க வந்தவள் மாதிரி மேஜையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். "கடைசியா எதாவது சொன்னானா தங்கச்சி?" என்று கேட்டாள். பெற்ற வயிறு பற்றி எரிகிறபோது, ஒன்றும் சொல்லவில்லை என்று எந்த நாக்கால் சொல்வது? "அம்மான்னு கூப்பிட்டான்க்கா" என்று வாயில் வந்துவிட்டது. பச்சைத்தண்ணி இறங்காமல் கிடந்தவள் அன்றைக்குத்தான் அரை டம்ளர் டீ குடித்தாள். மிஷின்காரிக்கு வயிறு குளிர்ந்து போயிற்று. அது பாவம் என்று அப்போது யாருக்குத் தோன்றும்!

மறுநாளும் வந்தாள். சத்தமாகக் கூப்பிட்டானா, மெதுவாகவா? மெதுவாத்தான்க்கா. ஒரு தடவையா, ரெண்டு தடவையா? அவள் கேட்கக் கேட்க இவள் சொன்னாள். சொல்லச் சொல்ல ஒரு குரலே வந்துவிட்டது, கொஞ்சம் கரகரப்பாக. பாத்திரம் தேய்க்கும்போதெல்லாம் அது காதில் கேட்கும். தானாகச் சேர்த்த சொல் என்கிற நினைப்பே கரைந்து போய்விட்டது. சத்தியம் பண்ணச் சொல்லியிருந்தால் பெற்ற பிள்ளைகள் தலையில் அடித்துப் பண்ணியிருப்பாள். பையனின் அம்மா அதைக் காவல் நிலையத்தில் சொல்லப் போய்த்தான் இன்றைக்கு இந்த அழைப்பு.

"கையில படுக்கை விரிப்பு இருந்துச்சு. லாட்ஜுத் துணி. ஈரத்துல நல்ல கனம்."

"ம்."

"மடிக்கிற பொண்ணு தெருவுக்கு முதுகக் காட்டிட்டுப் பக்கத்துல நின்னா. இன்னொரு முனையப் புடின்னு தலையாட்டிக் காட்டுனேன்."

"தலையாட்டியா?"

"ஆமா, மிஷின் ஓடுதில்ல மேடம். வாய்ல சொன்னா யாருக்குக் கேக்கும்? எங்க கடையில பேச்சு வார்த்தை எல்லாம் கையாலதான். என் வீட்டுக்காரரு வந்து வாசல்ல நின்னு கத்துனாலும்..."

மிஷின்காரி கண்ணைத் திறந்துவிட்டாள்.

ஆய்வாளர் பேனாவை மேஜையில் வைத்துவிட்டுக் காத்திருந்தார். மேலே ஓடிய மின்விசிறியை வெறித்துப் பார்த்தாள் மிஷின்காரி. கண்ணாடிக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. வேன் கிளம்பிய பிறகுதான் ஓடிப்போய் மிஷினை நிறுத்தினாள், அதற்கப்புறம்தான் தெருவுக்கு ஓடினாள். கிட்டே போனபோது பையனின் கண் திறந்திருந்தது, மூச்சு இல்லை, அவ்வளவுதான்.

"எனக்கு இப்பவும் அந்தக் குரல் கேக்குது மேடம்" என்றாள். "ஆனா நான் கேட்டிருக்க முடியாதே!"

"சொன்னத அப்படியே எழுதிக்கிறேன்."

"அந்தக்காகிட்ட நீங்களே சொல்லிடுறீங்களா? உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"சொல்றேன். ஆனா அவங்க வெளிய உக்காந்திருக்கிறது உங்களுக்காகத்தான்."

பையனின் அம்மா பெஞ்சின் ஓரத்தில் இருந்தாள். இவளைப் பார்த்ததும் நகர்ந்து இடம் விட்டாள். எதிர்ப்பெஞ்சில் வேன்காரனின் மனைவி தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள், மடியில் குழந்தை தூங்கியது. மிஷின்காரி அந்த இடத்தில் உட்கார்ந்தாள்.

"சொல்லிட்டியா தங்கச்சி, என்னக் கூப்பிட்டத?"

"அக்கா." அவள் கையைப் பிடித்துக்கொண்டாள் மிஷின்காரி. "அன்னைக்கு மிஷின் ஓடிட்டு இருந்துச்சுக்கா. எனக்கு ஒண்ணுமே கேட்டிருக்காது. உன்னப் பாக்க மனசு கேக்காமச் சொல்லிட்டேன். என்ன மன்னிச்சிடு."

அடிப்பாள் என்று நினைத்தாள். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்தக் கை அசையாமல் அப்படியே இவள் கைக்குள் கிடந்தது. எதிரே இருந்தவள் தலை நிமிர்ந்து இரண்டு பேரையும் பார்த்தாள்.

"மிஷின் சத்தத்துல உனக்குக் கேக்கல."

"ஆமாக்கா."

"அப்ப, அவன் கூப்பிட்டிருந்தாலும் உனக்குக் கேட்டிருக்காது."

வெளியே சாலையில் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஹார்ன் அடித்துப் போய்க்கொண்டிருந்தன. பையனின் அம்மா கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்து, மூச்சை அடக்கி, அந்த இரைச்சலுக்குள் காதைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.