மாப்பிள்ளைகிட்டச் சொல்லிடாதீங்க

மருந்துக்கடை மூடும் நேரம் தாண்டினால் அத்தை கேட்க ஆரம்பித்துவிடுவார். "மாப்பிள்ளை, இன்னும் வரலையே அவ?"

அவன் மனைவி வேலை பார்த்த கடை அது. அங்கிருந்து கிளம்பி, ஒரு பஸ் மாறி, கையில் காய்கறிப் பையோடு மகள் படியேறி வருகிற நேரம் எது என்பது அத்தையின் உடம்புக்குத் தெரிந்திருந்தது. மற்றதெல்லாம் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டிருந்தது. காலையில் என்ன சாப்பிட்டார், இன்றைக்கு என்ன கிழமை, குளியலறை எந்தப் பக்கம் என்று எதுவும் தங்குவதில்லை. மகள் இறந்துபோன செய்தியும் அப்படித்தான்.

இறந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. கடையில் மேல்தட்டிலிருந்து மருந்துப் பெட்டி எடுக்கப் போனவள் தலையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாளாம். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். அவன் லிஃப்ட் மெக்கானிக். அந்த நேரம் ஒரு ஆபீஸ் கட்டடத்தில் லிஃப்ட் குழிக்குள் இறங்கி, மண்டியிட்டு வேலை செய்துகொண்டிருந்தான். ஃபோன் மேலே பையில் அடித்து அடித்து ஓய்ந்திருக்கிறது. ஆஸ்பத்திரிக்கு ஓடியபோது எல்லாம் முடிந்திருந்தது.

குழந்தைகள் இல்லை. வீட்டில் மிஞ்சியது அவனும் மாமியாரும்தான்.

வெளியூரிலிருந்து வந்திருந்த மச்சான், மனைவியின் தம்பி, கிளம்பும்போது அவனை மாடிப்படி ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய்ச் சொன்னான். "மாமா, அம்மாவை ஒரு ஹோம்ல சேர்த்துடலாம். அக்காவே இல்லைன்னு ஆனப்புறம் நீங்க எதுக்குக் கஷ்டப்படணும்?"

"பார்க்கலாம்" என்றான் அவன். அந்தப் 'பார்க்கலாம்' அப்படியே நின்றுவிட்டது. மச்சானும் அப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எடுத்தால் பாதிச் சுமை தன் தலையில் விழுமோ என்ற பயமாக இருக்கலாம்.

பகலில் அத்தையை பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா பார்த்துக்கொண்டாள். மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி, கையில் கொஞ்சம் துண்டுத்துணி, அது போதும் அத்தைக்கு. ஒரு காலத்தில் சினிமா தியேட்டரில் டிக்கெட் கவுண்டரில் இருந்தவர். சிலிண்டர்காரன் வந்து கதவைத் தட்டினால் சங்கிலி போட்ட கதவிடுக்கு வழியாகப் பார்த்து, "ஹவுஸ்ஃபுல். அடுத்த ஷோவுக்கு வாங்க" என்று மூடிவிடுவார். சிலிண்டர்காரன் பாதி மாடி இறங்கிய பிறகு தையல்காரம்மா ஓடிப்போய்க் கூட்டி வருவாள்.

சாயங்காலம்தான் வினை. அந்தக் கேள்விக்கு அவன் உள்ளதைச் சொன்னான்.

"அத்தை, அவ இல்ல. இறந்துட்டா."

"யாரு?"

"உங்க பொண்ணு."

அத்தை ஒரு நிமிடம் அவன் முகத்தையே பார்ப்பார். பிறகு அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் வரும். மார்பில் அடித்துக்கொள்வார். "என்கிட்ட ஏன் யாருமே சொல்லலை? நான் முகத்தைக்கூடப் பார்க்கலையே!" என்பார். பார்த்தீர்கள் என்று அவன் சொல்வான். கேட்கமாட்டார். அவனும் உட்கார்ந்து அழுவான். இருவரும் ஒரே துண்டில் முகம் துடைத்துக்கொள்வார்கள். சற்று நேரத்தில் அத்தைக்கு எல்லாம் மறந்துபோய், எதற்காகக் கண் வீங்கியிருக்கிறது என்று கண்ணாடியில் பார்த்து ஆச்சரியப்படுவார்.

மறுநாள் மறுபடியும்.

கொடுமைதான். ஆனால் அவனுக்கு அந்த அரைமணி நேரம் வேண்டியிருந்தது. வேலை இடத்தில் முதல் வாரம் தோளைத் தட்டினார்கள், இரண்டாம் வாரம் ஷிஃப்ட் போட்டார்கள். அவள் செத்ததற்கு இடி விழுந்ததுபோல் அலற இந்த உலகத்தில் ஒரு ஆள் பாக்கி இருக்கிறது என்பது அவனுக்கு ஏதோ ஒரு துணையாக இருந்தது.

ஒருநாள் தையல்காரம்மா வாசலில் நிறுத்திக் கேட்டாள். "அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. தினம் சாயந்தரம் ஆனா உங்க வீட்ல புதுசா ஒரு சாவு விழுது. சுவரு வழியா கேக்குது. என் புள்ளைங்க பயப்படுது."

"கேக்கறாங்கம்மா. நான் என்ன பண்ண?"

"லைப்ரரி மாடியில மாசம் ஒரு சனிக்கிழமை கூட்டம் போடறாங்களாம். மறதி நோய் வந்தவங்க வீட்டு ஆளுங்களுக்குன்னு. நோட்டீஸ் ஒட்டியிருக்கு. ஒரு தடவை போயிட்டு வாங்க. அம்மாவை நான் பார்த்துக்கறேன்."

போனான். குழந்தைகள் படக்கதை படிக்கிற அறை அது. நாற்காலிகள் முழங்கால் உயரம்தான் இருந்தன. அதில் ஏழெட்டுப் பெரியவர்கள் குந்தியிருந்தார்கள். நடத்தியது ஓய்வு பெற்ற நர்சம்மா ஒருவர். மூளையின் எந்தப் பக்கம் முதலில் வாடுகிறது, ஏன் பழையது நிற்கிறது புதியது நிற்பதில்லை, குளிக்க மாட்டேன் என்று அடம்பிடித்தால் எப்படி அணுகுவது என்று படம் போட்டுச் சொன்னார். அவனுக்குப் பாதி புரிந்தது. முடிவில் யாருக்காவது கேட்க ஏதாவது இருக்கிறதா என்றார். அவன் சாயங்காலக் கதையைச் சொன்னான்.

நர்சம்மா மெதுவாகத்தான் பேசினார். "இனிமே சொல்லாதீங்க. உங்க மனைவி ஒரு தடவைதான் இறந்தாங்க. அந்தம்மாவுக்கு மட்டும் தினம் இறக்கறாங்க."

"அப்ப பொய் சொல்லச் சொல்றீங்களா? பெத்த தாய்கிட்ட?"

"நீங்க என்ன வேலை பார்க்கறீங்க?"

"லிஃப்ட் மெக்கானிக்."

"லிஃப்ட்ல ஆளு மாட்டிக்கிட்டா உள்ள இருக்கறவங்ககிட்ட என்ன சொல்வீங்க?"

"வந்துட்டோம், பயப்படாதீங்க, அஞ்சே நிமிஷம்னு சொல்வோம்."

"நிஜமாவே அஞ்சு நிமிஷமா?"

பக்கத்தில் இருந்த வழுக்கைத்தலைக்காரர், முன்னாள் பேங்க் காசாளர், அடக்கமாட்டாமல் சிரித்துவிட்டார். நர்சம்மாவும் சிரித்தார். "அவ்வளவுதான். கதவு திறக்காதுன்னு தெரிஞ்ச பிறகும் நாம வெளியில நின்னு பேசிட்டே இருக்கோம். மகளைப் பத்திக் கேட்டா, அவங்களையே மகளைப் பத்திப் பேச வைங்க. அவங்களுக்கு வேண்டியது அதுதான்."

அன்று சாயங்காலம் கேள்வி வந்தது. அவன், "வந்துடுவா அத்தை. கடையில கூட்டமாம்" என்றான்.

"அதானே பார்த்தேன். காய்ச்சல் சீசன் இல்ல?" அத்தை நாற்காலியில் சாய்ந்துகொண்டார். முகம் தெளிந்திருந்தது. "சின்ன வயசுல மாத்திரை முழுங்கவே மாட்டா. துப்பித் துப்பி வைப்பா. இப்ப பாருங்க, ஊருக்கே மாத்திரை குடுக்கறா."

அவன் சிரித்தான். பிறகு சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, கழுவ ஒன்றும் இல்லாத தொட்டியின் முன்னால் நின்றான்.

போகப் போக அவனுக்குப் பொய் கைவந்துவிட்டது. கடையில் ஸ்டாக் எடுக்கிறார்கள். பஸ் டயர் பஞ்சர். கூட வேலை பார்க்கிற பெண்ணுக்கு உடம்பு சரியில்லை, இவள்தான் கதவைப் பூட்டவேண்டும். சொல்லச் சொல்ல அவனுக்கே அந்தக் கடையும் கூட்டமும் கண்ணுக்குத் தெரிந்தன. தையல்காரம்மாவின் பிள்ளைகளுக்குச் சுவரைப் பற்றிய பயம் போனது. அத்தை நன்றாகச் சாப்பிட்டார், நன்றாகத் தூங்கினார். கூட்டத்தில் அவனை மற்றவர்களுக்கு உதாரணமாகக் காட்டினார் நர்சம்மா.

ஆனால் வீட்டுக்குள் அவள் சாகவே இல்லை. எப்போதும் வந்துகொண்டே இருந்தாள். வந்துகொண்டிருப்பவளுக்காக யாரும் அழமுடியாது. அவளுடைய சேலைகளை என்ன செய்வது என்று யாரிடமும் கேட்கமுடியாது. படத்தை மாட்டமுடியாது, மாட்டினால் அத்தைக்குத் தெரிந்துவிடும். அலமாரிக்குள் கவிழ்த்து வைத்திருந்தான். துணியெடுக்கத் திறக்கும்போதெல்லாம் அந்தப் படத்தின் முதுகு தெரியும்.

அவள் இறந்த தேதி மறுபடி வந்தது. லீவு போட்டிருந்தான். தையல்காரம்மா ஒரு சாவு வீட்டுக்கு வெளியூர் போயிருந்ததால் அத்தையைத் தனியே விடவும் முடியவில்லை. மத்தியானம் மச்சானுக்கு ஃபோன் செய்தான்.

"சொல்லுங்க மாமா. அம்மாவுக்கு ஒண்ணும் இல்லையே?"

"இல்ல மச்சான். இன்னிக்குத் தேதி…"

அந்தப் பக்கம் யாரோ கூப்பிடும் சத்தம். "ஆமால்ல… இன்னிக்குத்தான் இல்ல? மாமா, ஒரு மீட்டிங். நானே கூப்பிடறேன்."

கூப்பிடவில்லை.

அவன் முகம் கழுவி, தேய்த்த வெள்ளைச் சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டான். எங்கும் போவதற்கில்லை. ஆனாலும் போட்டுக்கொண்டான். கூடத்துக்கு வந்தபோது ஜன்னலோர நாற்காலியில் இருந்த அத்தை நிமிர்ந்து பார்த்தார். கிரீஸ் படிந்த நீலச் சட்டையில்தான் அவனைத் தெரியும் அவருக்கு. சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, "வாங்க தம்பி. யாரைப் பார்க்கணும்?" என்றார்.

திருத்தாதீர்கள், கூடவே போங்கள் என்று கூட்டத்தில் சொல்லியிருந்தார்கள். "லிஃப்ட் பார்க்க வந்தேன்மா" என்றான்.

"லிஃப்ட் வெளியிலதானே இருக்கு? பரவாயில்ல, உக்காருங்க. வெயில்ல வந்திருக்கீங்க."

உட்கார்ந்தான். அத்தை வாசல் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்றேன், வெளியில போகக்கூடாது. என் பொண்ணு செத்துப்போச்சு தம்பி."

அவன் நாற்காலியின் விளிம்புக்கு நகர்ந்தான்.

"மருந்துக்கடையில வேலை பார்த்துச்சு. நல்லாத்தான் இருந்துச்சு. போயிடுச்சு." அழவில்லை. கைகளை மடியில் கோத்து வைத்திருந்தார். "ஆனா மாப்பிள்ளைக்குத் தெரியாது. வந்துடுவா, வந்துடுவான்னு தினம் சொல்லிட்டு இருக்கார். கூட்டம்ங்கறார், பஸ் பஞ்சர்ங்கறார். நான் ஒண்ணும் சொல்றதில்ல. சொன்னா அவர் தாங்கமாட்டார். ரெண்டு பேரும் அவ்வளவு பிரியமா இருந்தாங்க. நீங்க அவரைப் பார்த்தீங்கன்னா, மாப்பிள்ளைகிட்டச் சொல்லிடாதீங்க."

"சொல்லமாட்டேன்மா" என்றான். முழங்கையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதான். மாதக்கணக்காகக் குழாயைத் திறந்துவிட்டு அழுதவன், இப்போது சத்தமாக அழுதான்.

"அடடா, நீங்க ஏன் அழறீங்க? உங்களுக்கு அவளைத் தெரியுமா?"

"தெரியும்மா."

"கடைக்கு வருவீங்களா?"

"ஆமா. அங்கதான் முதல்ல பார்த்தேன்." அது உண்மைதான். கைவிரலை நசுக்கிக்கொண்டு களிம்பு வாங்கப் போயிருந்தான். "ரொம்பக் கோவிச்சுக்கிட்டாங்க. இந்த விரலை வச்சுக்கிட்டு இங்க எதுக்கு வந்தீங்க, டாக்டர்கிட்டப் போங்கன்னு துரத்திவிட்டாங்க."

"அவதான்! அப்படித்தான் பேசுவா. வாய் ஜாஸ்தி." அத்தைக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே எழுந்து வந்து, முன்பின் தெரியாத அந்த ஆளின் தலையில் கை வைத்தார். வைத்தபடியே நின்றார்.

ஜன்னலில் வெயில் இறங்கியது. அத்தை தன் கையைப் பார்த்தார், அவன் தலையைப் பார்த்தார். "என்ன மாப்பிள்ளை, தலை வலிக்குதா? அவ வரட்டும், ஒரு மாத்திரை கேட்டு வாங்கிப் போட்டுக்கங்க."

"சரி அத்தை" என்றான்.

அடுத்த கூட்டத்தில் இதைச் சொன்னபோது நர்சம்மா, "இதுக்கு என்ன செய்யணும்னு எனக்குத் தெரியாது" என்றார். அவர் அப்படிச் சொன்னது அவனுக்குப் பிடித்திருந்தது. பேங்க்காரர் பஸ் ஸ்டாப் வரை கூடவே நடந்து வந்தார். அவர் மனைவி பேச்சை நிறுத்தி நாளாகிவிட்டது. தன் குரல் தனக்கே மறந்துபோகாமல் இருக்க வீட்டில் செய்தித்தாளை உரக்கப் படிப்பதாகச் சொன்னார். பஸ் வந்ததும், "உங்களுக்கும் யார்கிட்டயாவது சத்தமாப் பேசணும்னா நம்பர் இருக்குல்ல, அடிங்க" என்றார். அவன் அடிக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் நாளைக்கு என்று விட்டுவிடுவான்.

மழைக்காலம் தொடங்கியபோது அத்தை மகளைக் கேட்பதை நிறுத்திக்கொண்டார். எந்த நாளோடு நின்றது என்று அவன் கவனிக்கவில்லை. நின்று சில நாட்கள் கழித்துத்தான் உறைத்தது. அந்த நேரம் வந்தால், ஏதோ ஒன்றைச் சொல்லத் தயாராக இருந்த வாயோடு அவன் சும்மா உட்கார்ந்திருந்தான். அன்றைக்கு மத்தியானம் 'வாங்க தம்பி' என்ற அத்தையும் மறுபடி வரவில்லை. வெள்ளைச் சட்டை போட்டுப் பார்த்தான். அத்தை அதன் பொத்தானைத் தடவிப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்த மாதக் கூட்டத்தில் பேங்க்காரரைக் காணவில்லை. அவர் மனைவி இறந்துவிட்டார் என்று நர்சம்மா சொன்னார். "ஆள் போனப்புறம் யாரும் இங்க வர்றதில்ல. என்னன்னு வருவாங்க?" என்றார். பேங்க்காரர் உட்காரும் நாற்காலியில் யாரோ குடையை வைத்திருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அவன் அத்தைக்குத் தலைசீவி, செருப்பு மாட்டி, கையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறினான். விசாரித்து விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தான். பேங்க்காரர் சவரம் செய்யாத முகத்தோடு கதவைத் திறந்தார். யாரென்று புரிய அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. கூடத்தில் ஆஸ்பத்திரிக் கட்டில் இன்னும் இருந்தது, மெத்தை இல்லாமல்.

"வாடகைக் கட்டில். திருப்பிக் குடுக்கணும். ஆள் வர்றேன்னான், வரலை" என்றார்.

"நட்டைக் கழட்டினா மடிஞ்சுடும். ஸ்பேனர் இருக்கா?"

இருந்தது. அவன் தரையில் உட்கார்ந்து கழற்ற ஆரம்பித்தான். அத்தை சோபாவில் அமர்ந்து மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார். பேங்க்காரர் பக்கத்தில் குத்துக்காலிட்டு, கழன்ற நட்டுகளை உள்ளங்கையில் வாங்கிக்கொண்டார். துருப்பிடித்த ஒன்று மட்டும் வரமாட்டேன் என்றது.

"அவசரம் இல்ல" என்றார் பேங்க்காரர். "மெதுவாப் பண்ணுங்க."